டோலக்பூரும் சோனாப்பூரும்

நம் பங்குகளில் மறைக்கல்விக்கு வரும் சிறுவர் சிறுமியரிடம் திருத்தூதர் பன்னிருவரின் பெயர்களைக் கேட்டால், பலர் ஆறேழு பெயர்களோடு நின்றுவிடுவர். சோட்டா பீமின் கூட்டாளிகள் யாவர் என்று கேட்டுப் பாருங்கள்! சுட்கி, ராஜு, ஜக்கு என்னும் குரங்கு, பொறாமைக்காரக் காலியா, அவனை ஒட்டித் திரியும் இரட்டையரான டோலு, போலு என ஒருவரும் விடுபடாமல் ஒப்புவிப்பர். இதைக் குறையாகச் சொல்லவில்லை. 2008ஆம் ஆண்டு போகோ தொலைக்காட்சியில் தொடங்கிய அச்சித்திரத் தொடர், ஐதராபாத்தில் ராஜீவ் சிலகா நிறுவிய கிரீன் கோல்டு நிறுவனத்தின் படைப்பு. அயல்நாட்டுப் பூனையும் எலியுமே பிள்ளைகளின் பொழுதைக் கொண்டுசென்ற காலத்தில், வேட்டி கட்டி லட்டுத் தின்னும் நம் நாட்டுச் சிறுவன் ஒருவனை அது தந்தது. கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் புத்தகப் பையிலும் தண்ணீர்க் குப்பியிலும் அவன் முகத்தைக் காணாத பெற்றோர் அரியர்.

அத்தொடரிலிருந்து கிளைத்த மாயக்கதை ஒன்று, தம்யானின் சாபம் பற்றியது, 2012இல் முழுநீளச் சித்திரப்படமாக வந்தது. அதே கதையை நடிகர்களைக் கொண்டு மீண்டும் எடுத்து 2024 மே 31 அன்று வெளியிட்டனர். யக்யா பாசின் பீமாகவும், அனுபம் கெர் குரு சம்புவாகவும் தோன்றுகின்றனர். சோனாப்பூர் என்னும் ஊரில் பொற்புதையல் உண்டென்று நம்பிச் செல்கின்றனர். சாபத்தால் கட்டுண்டு கிடந்த தம்யான் என்னும் அரக்கன் விடுபடுகிறான். அவனை வெல்லப் பிள்ளைகள் ஆயிரம் ஆண்டு பின்னோக்கிப் பயணம் செய்கின்றனர். இதுவே கதை.

மந்திரமும் மாயமும் வருகின்றனவே என்று அஞ்சும் பெற்றோர் உண்டு. நமக்கு அவ்வச்சம் இல்லை. கதை வேறு, விசுவாசம் வேறு என்பதைப் பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட நன்றாக அறிவர். நம் மனத்தாங்கல் வேறிடத்தில் உள்ளது.

கோடுகளால் வரைந்த பீம் எவருடைய பிள்ளையும் அல்லன். ஆகவே எல்லார் வீட்டுப் பிள்ளையுமாக இருந்தான். நடிகர் ஒருவரின் முகம் வந்ததும் அவன் அந்த ஒருவராகிவிட்டான். இதையேனும் பொறுத்துக்கொள்ளலாம். டோலக்பூரில் தீமையின் பெயர் பெரும்பாலும் காலியா. அவன் பொறாமைப்படுவான், சூழ்ச்சி செய்வான், அகப்பட்டுக்கொள்வான். மறுநாள் அதே கூட்டத்தோடு விளையாட வந்துவிடுவான். எவரும் அவனை விலக்கி வைப்பதில்லை. ஒப்புரவு அருட்சாதனத்தைப் பற்றி நாம் ஒரு மணி நேரம் விளக்கியும் பதியாத ஒன்று, அந்தப் பத்து நிமிடத்தில் பிள்ளை மனத்தில் பதிந்திருக்கிறது. தம்யானையோ மன்னிக்க வழியில்லை, அழிக்கத்தான் முடியும். திரை பெரிதானது, மன்னிப்புக்கு இடம் குறைந்தது.

கதை கிளைப்பதே தவறு என்போர் பக்கம் நாம் சேரவில்லை. கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர், தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த உடன்பிறந்தார் என்றும், அவர்கள் பிரிந்து வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்றும் சொல்வர். சேர்வராயனிலும் கொல்லிமலையிலும் பச்சைமலையிலும் அதே கதை சிற்சில மாற்றங்களோடு வழங்குகிறது. பாட்டிமார் வாயில் கதை கிளைத்தது. இன்று நிறுவனங்களின் கையில் கிளைக்கிறது. பாட்டி, கேட்கும் பிள்ளையின் முகம் பார்த்துக் கதையை மாற்றினாள் என்பதே வேறுபாடு.

படத்தில் மெச்சத்தக்கது ஒன்றுண்டு. அரக்கன் தானாக எழுவதில்லை. பொன்னாசையே அவனை எழுப்புகிறது. ஆனால் எழுப்பியது எது என்பதைப் படம் விரைவில் மறந்து, வாள் வீச்சிலும் வெடியொலியிலும் இறங்கிவிடுகிறது. நம் ஊரார் அதை மறக்க இயலாது. படம் வெளியாகி மூன்று வாரம் முடியுமுன்னே, 2024 ஜூன் மாதத்தில், கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பொட்டலம் பொட்டலமாக விற்றுக் காசு பார்த்த ஆசைக்குக் கொம்பும் இல்லை, கோரைப் பல்லும் இல்லை. தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளும் அத்தெருக்களில் உண்டு. அவர்கள் ஆயிரம் ஆண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டா. ஒரே ஒரு மாலைப்பொழுது பின்னோக்கிச் சென்றால் போதும். அதற்கு வழியில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய ஆணை, பிள்ளைகள் காண்பவற்றைக் கவனிக்கும் கடமையைப் பெற்றோரிடம் ஒப்படைத்துள்ளது. கவனிப்பது என்றால் தடுப்பது மட்டும்தானா? ஒரு மாலையில் உடனமர்ந்து பாருங்கள். இரு படங்களுள் ஒன்றைத் தெரிய வேண்டுமாயின், 2012இல் வந்த சித்திரப்படத்தையே நாம் பரிந்துரைப்போம். மிகச் சிறு குழந்தைகளுக்கு, 2019 முதல் நெட்பிளிக்சில் வந்த, பேச்சே இல்லாத குட்டி பீம் கதைகள் போதும். படம் முடிந்தபின், சோனாப்பூருக்குப் போகலாம் என்று முதலில் ஆசைப்பட்டது யார் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். அவர்கள் சொல்லும் விடையைக் கேட்டுக்கொண்டு சற்று நேரம் உடனிருங்கள்.