மெடல் எல்லோருக்கும்... முதலிடம் யாருக்கும் இல்லை! - வெனிஸ் ‘வோகாலோங்கா’வில் நீங்களும் துடுப்பு போடலாம்

ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி. வெனிஸ் நகரத்தின் புகழ்பெற்ற சான் மார்க்கோ சதுக்கத்துக்கு எதிரே இருக்கும் நீர்ப்பரப்பில், கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் படகுகள். நம்ம ஊர் தேர்த் திருவிழாக் கூட்டத்தை அப்படியே தண்ணீர்மேல் இறக்கிவிட்டதுபோல! நின்றுகொண்டே துடுப்பு போடும் உள்ளூர்க்காரர்கள், பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து வலிக்கும் ஆங்கிலேயர்கள், இருபது பேர் ஏறிய டிராகன் படகு, அதன் பக்கத்திலேயே தனி ஆளாக ஒரு காயக். பீரங்கி முழங்குகிறது. அத்தனை பேரும் கிளம்புகிறார்கள், 30 கிலோமீட்டருக்கு!

இதுதான் ‘வோகாலோங்கா’. நீண்ட துடுப்புப் பயணம் என்று அர்த்தம். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. படகுப் போட்டிக்கு உலகம் முழுக்க சொல்லும் ‘ரெகாட்டா’ என்கிற வார்த்தையே வெனிஸ்காரர்கள் கொடுத்ததுதான். (கட்டுமரம் ‘கேட்டமரான்’ ஆனது நம்ம பங்கு.) ஆனால், அந்த ஊரின் மிகப் பெரிய துடுப்புத் திருவிழாவில் போட்டியே கிடையாது. முதல் பரிசு, இரண்டாம் பரிசு எதுவும் இல்லை. முடித்த எல்லோருக்கும் ஒரு மெடல், ஒரு சான்றிதழ். அவ்வளவுதான்.

‘பரிசே இல்லைன்னா எதுக்குப்பா 30 கிலோமீட்டர்?’ என்று கேட்கிறீர்களா? அதற்குப் பதில் தெரிந்துகொண்டு படகில் ஏறினால்தான் இந்தப் பயணம் ருசிக்கும்.

அலை என்கிற எதிரி

வெனிஸ் கடலுக்குள் இல்லை, காயலுக்குள் இருக்கிறது. கடலுக்கும் அதற்கும் நடுவில் நீளமான மணல் தீவுகள் தடுப்புச் சுவர்போல நிற்கின்றன. சுமார் 550 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தக் காயலின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் சொச்சம்தான். கப்பல், படகு போகும் வாய்க்கால்கள் மட்டும் ஆழமாக இருக்கும். மற்ற இடங்களில் நீங்கள் இறங்கி நின்றால் இடுப்பளவு தண்ணீர், கீழே சேறு.

அந்தச் சேற்றில் லட்சக்கணக்கான மரக்கம்பங்களை அடித்து இறக்கி, அதன்மேல் கல் அடுக்கி, அதற்கும் மேலே செங்கல் சுவர் எழுப்பிக் கட்டிய நகரம் இது. சேற்றுக்குள் ஆக்ஸிஜன் கிடையாது என்பதால் மரம் எளிதில் மட்கிப் போவதில்லை. தண்ணீர் படும் இடத்தில் இஸ்திரிய சுண்ணாம்புக்கல்லை வைத்தார்கள். அது உப்புநீரை அவ்வளவாக உறிஞ்சாது. நூற்றாண்டுகளாக இந்தக் கணக்கு சரியாகவே வந்தது. ஏனென்றால், அந்தத் தண்ணீரில் ஓடியதெல்லாம் துடுப்புப் படகுகள்.

இருபதாம் நூற்றாண்டில் மோட்டார் வந்தது. டாக்ஸி படகு, சரக்குப் படகு, பஸ்போல ஓடும் ‘வபொரெட்டோ’ என எல்லாவற்றுக்கும் இன்ஜின். ஒவ்வொரு படகும் பின்னால் ஓர் அலையைத் தள்ளிக்கொண்டு போகிறது. குறுகிய கால்வாயில் அந்த அலைக்கு வேறு போக்கிடம் இல்லை. சுவரில் மோதி, திரும்பி, எதிர்ச் சுவரில் மோதுகிறது. கற்களுக்கு இடையில் இருக்கும் சாந்து கரைகிறது. கல்லைத் தாண்டித் தெறிக்கும் உப்புநீர் செங்கல்லுக்குள் ஏறுகிறது. வெளியே காயலில் இருக்கும் சதுப்புத் திட்டுகளின் விளிம்புகளும் அரிக்கப்படுகின்றன. வெனிஸ்காரர்கள் இதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள்: ‘மோட்டோ ஒண்டோசோ’. அலையாட்டம்.

1974 நவம்பரில், ரோஸா சால்வா குடும்பத்தினரும் நண்பர்களும் தங்களுக்குள் ஜாலியாக ஒரு துடுப்புப் பந்தயம் வைத்துக்கொண்டார்கள். அந்த நாளில் அவர்களுக்குத் தோன்றியதுதான் இது. ஊரையே துடுப்போடு தண்ணீரில் இறக்கினால் என்ன? 1975 மே 8-ம் தேதி முதல் வோகாலோங்கா நடந்தது. அலைக்கு எதிரான போராட்டம், அழிந்துகொண்டிருந்த துடுப்புக் கலைக்கு ஒரு மறுபிறப்பு, இரண்டும் ஒரே நாளில். கோஷம் இல்லை, கொடி இல்லை. அன்று காலை பயணப் பாதையில் மோட்டார் படகுகளுக்குத் தடை. தண்ணீர் எப்படி இருக்க வேண்டும் என்று பேசிக் காட்டாமல், நேராகவே காட்டிவிடுகிறார்கள்!

உட்கார்ந்தவரும் நின்றவரும்

எந்தப் படகிலும் வரலாம். இரண்டே நிபந்தனை: இன்ஜின் கூடாது, பாய் கூடாது. கையால் வலிக்கும் எதுவும் சம்மதம். இந்தத் தாராளம்தான் இதன் அழகு. சிக்கலும் இதுதான்.

வெனிஸ்காரர்கள் நின்றுகொண்டு, முன்னால் பார்த்தபடி, ஒரே துடுப்பால் தள்ளுவார்கள். ஆழமில்லாத காயலில் மணல்திட்டு எங்கே, வாய்க்கால் எங்கே என்று பார்க்க வேண்டுமே... உட்கார்ந்தால் தெரியாது. துடுப்பைத் தாங்குவதற்கு ‘ஃபோர்கோலா’ என்றொரு மரத் தாங்கி இருக்கும். பெரும்பாலும் வால்நட் மரத்தில் செதுக்கியது. பார்ப்பதற்கு நவீன சிற்பம் மாதிரி வளைவும் நெளிவுமாக இருக்கும். முன்னே போக ஒரு வளைவு, நிறுத்த ஒன்று, திரும்ப ஒன்று. துடுப்பை இதில் பூட்ட மாட்டார்கள், சும்மா சாய்த்து வைப்பதுதான். அதனால் புதிதாகக் கற்பவர்களுக்கு முதல் ஒரு மணி நேரம் துடுப்பு நழுவி நழுவி விழும். படகில் சுக்கானும் கிடையாது. கடைசியில் நிற்பவரின் துடுப்புதான் சுக்கான்.

இதற்கு நேர்மாறு, இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையிலிருந்து வரும் ‘பைலட் கிக்’. 32 அடி நீளம், ஆறு பேர், ஆளுக்கு ஒரு துடுப்பு. ஒரு காலத்தில் கப்பல்களுக்கு வழிகாட்டும் மாலுமிகளைக் கொண்டுபோய் விட்ட படகு இது. எந்தப் படகு முதலில் போய்ச் சேருகிறதோ அதற்குத்தான் வேலை! வலிப்பவர்கள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்கள். போகும் வழி சுக்கான் பிடிப்பவர் ஒருவருக்கு மட்டும்தான் தெரியும். அயர்லாந்திலிருந்து ‘கர்ரா’ வரும். மரச்சட்டத்தின்மேல் துணியைப் போர்த்தித் தார் பூசிய படகு. தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடக்கும் அளவுக்கு லேசு. ஆனால், பக்கவாட்டுக் காற்று அடித்தால் இலை மாதிரி நகர்ந்துவிடும்.

முன்னால் பார்ப்பவர்களும் பின்னால் பார்ப்பவர்களும் ஒரே வாய்க்காலில்! நீளப் படகு வேகமாகப் போகும், குட்டிப் படகு மெதுவாகப் போகும். லண்டன் தேம்ஸ் நதியில் நடக்கும் ‘கிரேட் ரிவர் ரேஸ்’ போட்டியில் இதற்கொரு தீர்வு உண்டு. மெதுவான படகை முதலில் அனுப்பி, வேகமானதைக் கடைசியில் அனுப்புவார்கள். எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் முடிவுக்கு வருவார்கள். வெனிஸில் அந்தக் கணக்கும் இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்ப வேண்டியதுதான். என் கருத்தைக் கேட்டால், இதுவே சரி. கணக்குப் போட ஆரம்பித்தால் பந்தயமாகிவிடும்.

படகுகளைப் போலவே ஆட்களும் கலவைதான். தாத்தாவும் பேத்தியும் ஒரே படகில் வருவார்கள். இளஞ்சிவப்பு உடையில் வரும் டிராகன் படகுகளைக் கொஞ்சம் கவனியுங்கள். மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்கள் அவர்கள். சிகிச்சைக்குப் பிறகு கையை அதிகம் அசைத்தால் வீக்கம் வரும் என்று மருத்துவ உலகம் பயந்துகொண்டிருந்த காலத்தில், 1996-ல் கனடாவின் வான்கூவரில் டாக்டர் டான் மெக்கென்ஸி என்பவர் இப்படிப்பட்ட பெண்களைக் கொண்டு ஒரு டிராகன் படகுக் குழுவை அமைத்துச் சோதித்துப் பார்த்தார். பயந்தது நடக்கவில்லை. அந்தக் குழுவின் வழியில் இன்று பல நாடுகளில் அணிகள். அவற்றில் பல இங்கேயும் வந்து துடுப்பு போடுகின்றன.

சரி, நான் எப்படிச் சேர்வது?

தேதி ஒவ்வோர் ஆண்டும் மாறும். பொதுவாக, ஈஸ்டரிலிருந்து ஏழாவது ஞாயிறான பெந்தெகொஸ்தே நாளை ஒட்டி வரும். அதாவது மே அல்லது ஜூன். தகுதிச் சுற்று கிடையாது. அதிகாரபூர்வ இணையதளத்தில் பெயர் கொடுத்து, தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்ட வேண்டும். குழுவாகப் போனால் ஒருவர் எல்லோருக்கும் சேர்த்துப் பதிவு செய்யலாம். படகுக்கு ஓர் எண் தருவார்கள்.

உண்மையான கேள்வி படகுதான். ஐரோப்பியர்கள் காரின் பின்னால் டிரெய்லரில் கட்டி இழுத்து வந்துவிடுகிறார்கள். நமக்கு அது முடியாது. ஆகவே, ஏற்கெனவே பதிவு செய்திருக்கும் ஒரு குழுவில் காலியாக இருக்கும் இருக்கையைப் பிடிப்பதுதான் வழி. ஆள் குறைகிற குழுக்கள் எப்போதும் இருக்கும். நான்கைந்து மாதங்களுக்கு முன்பே துடுப்பு கிளப்புகளுக்கு மெயில் தட்டுங்கள். உங்கள் அனுபவத்தைக் கூட்டிச் சொல்லாதீர்கள், ப்ளீஸ். நடுக்காயலில் தெரிந்துவிடும்!

விசா விஷயத்தில் அசட்டை வேண்டாம். இத்தாலிக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள்களுக்கு முன் கொடுத்தாக வேண்டும் என்பது விதி. ஆனால், கோடை சீஸனில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே குதிரைக்கொம்பு. குறைந்தது 30,000 யூரோ மதிப்புக்கு மருத்துவக் காப்பீடும் கட்டாயம்.

பிறகு உடம்பு. மணிக்கு 6 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால் 30 கிலோமீட்டருக்கு 5 மணி நேரம். நிமிடத்துக்கு 24 முறை துடுப்பு போட்டால் மொத்தம் 7,200 முறை. ஜிம்மில் பைசெப்ஸ் ஏற்றிக்கொண்டு போனால் போதும் என்று நினைப்பவர்கள் முதல் ஒரு மணி நேரத்திலேயே துவண்டுவிடுவார்கள். துடுப்பில் வேலை செய்வது கை இல்லை. காலும் முதுகும் இடுப்பும்தான். அதைவிட முக்கியம், தாளம். உங்களுக்கு முன்னால் இருப்பவரின் தோள் எப்போது அசைகிறதோ அப்போது உங்கள் தோளும் அசைய வேண்டும். ஆறு பேரில் ஒருவர் அரை நொடி முந்தினாலும் படகு குலுங்கும், அந்தப் பாரம் மற்றவர்கள்மேல் விழும். பலசாலி அவசரப்பட்டால் குழுவுக்கு நஷ்டம். நம்ம படகோட்டிகள் ‘ஏலேலோ ஐலசா’ போட்டது பொழுதுபோக்குக்காக இல்லை பாஸ், எல்லா மூச்சும் ஒன்றாகச் சேர்வதற்குத்தான்.

தொப்பி, தண்ணீர், உப்பு சேர்ந்த ஏதாவது தின்பண்டம், விரல்களுக்கு டேப், லைஃப் ஜாக்கெட் எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். நடுவழியில் பாத்ரூம்? கிளம்பும் முன் முடித்துவிடுவதே உத்தமம்.

மூன்று வளைவுப் பாலம்

பாதையின் முதல் பாதி அமைதியானது. காய்கறித் தோட்டங்கள் நிறைந்த சாந்த் எராஸ்மோ தீவைக் கடந்து, வண்ண வண்ண வீடுகளின் புரானோவுக்குப் போகும். காயல் அகலமானது, நிழல் இல்லை, காற்று வந்தால் ஒதுங்க இடமில்லை. வடகிழக்கிலிருந்து ‘போரா’ காற்று வீசினால் சின்னப் படகுகள் கவிழ்வதும் உண்டு. அங்கிருந்து கண்ணாடித் தொழிலுக்குப் பேர்போன முரானோ வழியாக மறுபடியும் நகரம்.

நிஜப் பரீட்சை இங்கேதான். பரந்த காயலில் சிதறிக் கிடந்த அத்தனை படகுகளும், கன்னரேஜியோ என்ற கால்வாயின் வாய்க்குள் நுழைய வேண்டும். நுழைந்ததும், மூன்று வளைவுகள் கொண்ட கல்பாலம். கோயம்பேடு சிக்னலில் பொங்கலுக்கு முதல் நாள் நின்றிருக்கிறீர்களா? அதே கதை, தண்ணீர்மேல். இரண்டு பக்கமும் நீண்ட துடுப்பை விரித்த பந்தயப் படகுகள் இங்கே மாட்டிக்கொள்ளும். துடுப்போடு துடுப்பு சிக்கும். கத்துவார்கள், சிரிப்பார்கள், யாரோ ஒருவர் பக்கத்துப் படகைக் கையால் தள்ளி வழிவிடுவார். இந்த இடத்தில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: துடுப்பை உள்ளே இழுத்துக்கொண்டு, சுக்கான் பிடிப்பவர் சொல்வதை மட்டும் கேளுங்கள்.

கரையில் நின்று கைதட்டுபவர்களில் பெரும்பாலானோர் அந்தப் பகுதிவாசிகள். 1951-ல் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்த பழைய நகரத்தில் 2022-ல் 50,000-க்கும் கீழே போய்விட்டது எண்ணிக்கை. வீடுகள் ஹோட்டல்களாகின்றன, பிள்ளைகள் நிலப்பகுதிக்குப் போகிறார்கள். துடுப்பு கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் இல்லையென்றால் ஃபோர்கோலா செதுக்கும் பட்டறையும் இருக்காது. வோகாலோங்காவால் மோட்டார் படகுகள் நின்றுவிடவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். 2021 ஆகஸ்ட் முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் நகரத்தை ஒட்டிச் செல்லக் கூடாது என்று இத்தாலி அரசு தடை போட்டது. அது பெரிய கப்பல்களுக்கு. டாக்ஸிகளும் சரக்குப் படகுகளும் இன்றும் ஓடுகின்றன.

பாலத்தைத் தாண்டினால் கிராண்ட் கனால். ரியால்ட்டோ பாலத்தின் அடியில் போகும்போது மேலேயிருந்து ஆரவாரம் கேட்கும். கடைசி வளைவு திரும்பியதும் புந்தா தெல்லா தொகானா என்கிற பழைய சுங்கச்சாவடி முனை. மெடல் அங்கேதான்.

ஒரே ஓர் எச்சரிக்கை. மோட்டார் படகுகளுக்கான தடை நாள் முழுக்க இருக்காது. மதியத்துக்குப் பிறகு விலகிவிடும். ரொம்ப மெதுவாக வந்தீர்கள் என்றால், வலப்பக்கமோ இடப்பக்கமோ ஒரு டாக்ஸி படகு உறுமிக்கொண்டு கடக்கும். அதன் அலை வந்து மோதும்போது படகின் பக்கவாட்டைக் காட்டாதீர்கள். முனையை அலைக்கு நேராகத் திருப்பிக்கொள்ளுங்கள்.