பக்கத்து வீட்டுக்கு எந்தக் கட்டம்?

சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய புற்றுநோயாளிக்கு யார் துணை என்பதை அளக்கப் பல நாடுகளில் புழங்கும் கேள்வித்தாள் ஒன்றை கிரெகரி ஜிமெட்டும் உடன் பணியாற்றியவர்களும் 1988-இல் வெளியிட்டார்கள். குடும்பம், நண்பர்கள், தனக்கென்று நெருக்கமான ஒருவர் என மூன்று தலைப்புகள், 12 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் ஏழு படிகளில் விடை. முதலில் சோதித்தது அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் 275 பேரிடம். அங்கே தொடங்கியதில் குற்றமில்லை. வேறு மொழிக்குக் கொண்டுபோகும்போது கவனமெல்லாம் வாக்கியங்களிலேயே நின்றுவிடுவதுதான் சிக்கல். ஒருவர் மொழிபெயர்ப்பார், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்குவார், ஒப்பிட்டுத் திருத்திய பிறகு சில நோயாளிகளிடம் கேட்டுப் பார்ப்பார்கள். பிசகிய வாக்கியம் இந்தச் சல்லடையில் சிக்கும். கேட்காமலே விட்ட கேள்வி சிக்காது.

மும்பைத் தமிழரிடம் அப்படி விட்டுப்போவது அதிகம். தாராவியில் திருநெல்வேலிப் பக்கமிருந்து தோல் வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வாழ்கிறார்கள். சுவரோடு சுவர் ஒட்டிய அந்த வீடுகளில் குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் கஞ்சி கொடுத்தனுப்புவதும் பக்கத்து வீட்டு அக்கா; பணத்துக்கு ஊர்க்காரர். இவர்கள் குடும்பமா, நண்பர்களா? மனைவியைக் குடும்பத்தில் எழுதுவதா, நெருக்கமான ஒருவர் என்பதிலா? வேறு சில நாடுகளின் மொழிபெயர்ப்புகளிலும் இந்த இரண்டு தலைப்புகளும் ஒன்றாக ஒட்டிக்கொண்டன. மாட்டுங்காவிலோ செம்பூரிலோ பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் முதியவர் தினம் போனில் பேசிவிட்டுக் குடும்பத்துக்கு முழு மதிப்பெண் போடலாம். ஆனால் பரேலில் உள்ள டாடா நினைவு மருத்துவமனைக்கு அவருடன் வர ஆள் இருக்காது. தாராவி நோயாளி, இந்த முதியவர் இருவரின் கூட்டுத்தொகையும் ஒன்றாகவே வரக்கூடும். படுத்துவிட்டால் கவனிக்க ஆள் உண்டா, மருத்துவரிடம் அழைத்துப்போவது யார், சமைப்பது யார் என்று 1991-இல் வந்த 19 கேள்விகள் கொண்ட இன்னொரு தாள் தனித்தனியாகக் கேட்கிறது. என் கணக்கில் அதுவே நமக்குக் கிட்டத்தில் வருகிறது. ஆனால் மராத்தியிலும் இந்தியிலும் உள்ள படிவங்களை நிரப்பித் தருபவர் யார், ஊரிலிருந்து வந்த மாமியாருக்குப் படுக்க இடம் எங்கே என்பவை அதிலும் இல்லை.

வாய்ப் புற்றுநோய் நம் நாட்டு ஆண்களை அதிகம் தாக்குகிறது. தாடையில் அறுவை நடந்தவர் பலர் முன்னால் உண்ணக் கூசுவார். கல்யாணப் பந்திக்குப் போகமாட்டார். தலை, கழுத்துப் புற்றுநோய்க்கான ஐரோப்பியக் கேள்வித்தாள், பிறரோடு சேர்ந்து உண்பதில் உள்ள சங்கடத்தைத் தனியாகக் கேட்கிறது. உறவினர் யாரும் அவரை விலக்கவில்லை, அவரே விலகிக்கொள்கிறார். துணையை மட்டும் எண்ணும் தாளில் இவர் நல்ல நிலையில் இருப்பதாகத் தெரிவார்.

ஆளுக்கொரு கேள்வியைச் சேர்த்தால் உலகத்தோடு ஒப்பிடுவது எப்படி என்பார்கள் ஆய்வாளர்கள். நியாயமான கேள்விதான். அதற்காக 12 வாக்கியங்களில் கைவைக்க வேண்டியதில்லை. அவற்றை அப்படியே வைத்து, உள்ளூர்க் கேள்விகளைப் பின்னால் சேர்த்துத் தனியாக மதிப்பெண் போடலாம். தமிழ்நாட்டில் செய்த மொழிபெயர்ப்பு போதாதா என்றும் கேட்கலாம். மும்பை மாநகராட்சிப் பள்ளிகளில் தமிழ்வழி உண்டு என்றாலும், தமிழ் பேசியும் தமிழில் படிக்காத தலைமுறை பெரிது. தாளை நீட்டினால் போதாது, வாசித்துக் கேட்க வேண்டும். அங்கேதான் வலுவான மறுப்பு வருகிறது: கணவரும் மாமியாரும் அருகில் இருக்க, குடும்பம் கைவிட்டது என்று எந்தப் பெண் சொல்வாள்? சொல்லமாட்டாள். ஆகவே தனியாகக் கேட்க வேண்டும். உணர்வைக் கேட்பதோடு நடந்ததையும் கேட்க வேண்டும். போன முறை பரேலுக்குக் கூட வந்தது யார், அன்றைக்கு யாருடைய கூலி போயிற்று, வீட்டில் அடுப்பு மூட்டியது யார்? வீட்டு மானத்தைக் காக்க நினைப்பவர்கூட இவற்றுக்கு ஓர் ஆளின் பெயரைத்தான் சொல்லியாக வேண்டும்.