ஜிபிஎஸ் வாட்ச் வாங்கப் போறீங்களா? சில்வர் பீச் ஓட்டம் முதல் குல்மார்க் பனிச்சறுக்கு வரை பார்க்க வேண்டியவை

கடலூர் சில்வர் பீச்சுக்கு விடிகாலையில் போனால் இப்படி ஒரு காட்சியைப் பார்க்கலாம். சேர்ந்து ஓடிவிட்டு வந்த மூன்று நண்பர்கள் மணிக்கட்டைத் திருப்பி ஒப்பிட்டுக்கொள்வார்கள். ஒருத்தர் வாட்சில் 5 கிலோமீட்டர். இன்னொருத்தருக்கு 5.2. மூணாவது ஆளுக்கு 4.8. ஓடியதோ ஒரே பாதை. "உன் வாட்ச் சரியில்லடா" என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொள்வார்கள்.

இவர்களைப் போன்ற பலர் சென்னையிலும் பெங்களூருவிலும் வேலை பார்க்கிறவர்கள். லீவுக்கு ஊருக்கு வந்தால் கடற்கரையில் ஓட்டம், பிச்சாவரத்தில் படகு. ஜனவரி, பிப்ரவரியில் ஆபீஸ் நண்பர்களோடு குல்மார்க், அவுலி என்று பனிச்சறுக்குப் பயணம். "எல்லாத்துக்கும் ஒரே வாட்ச் போதுமா? எதைப் பார்த்து வாங்கறது?" என்ற கேள்வி அங்கேதான் வருகிறது.

விலையைப் பார்ப்பதற்கு முன் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். நீங்க எங்கே இருக்கீங்கன்னு ஜிபிஎஸ் வாட்சுக்குத் தெரியும். ஆனால், அது வேறு யாருக்கும் தானாகத் தெரியாது. இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஜிபிஎஸ் வாட்ச் எப்படி வேலை செய்கிறது?

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் துல்லியமான நேரத்தைச் சிக்னலாக அனுப்பிக்கொண்டே இருக்கும். குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னல் கிடைத்தால், அவை வந்து சேர்ந்த நேரத்தைக் கணக்கிட்டு வாட்ச் தன் இடத்தைக் கண்டுபிடிக்கும். அதாவது, வாட்ச் வெறும் ரேடியோ மாதிரி. கேட்கும், பேசாது.

ஜிபிஎஸ் அமெரிக்காவுடையது. ரஷ்யாவின் க்ளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவையும் உண்டு. நம் நாட்டின் நேவிக் அமைப்புக்காக 2023 மே 29 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட என்விஎஸ்-01 செயற்கைக்கோளில், வாட்ச் போன்ற சின்னக் கருவிகளுக்கு ஏற்ற எல்1 அலைவரிசையை இஸ்ரோ சேர்த்தது. ஒரு வாட்ச் எத்தனை அமைப்புகளின் சிக்னலை எடுக்கிறதோ, வானம் சரியாகத் தெரியாத இடங்களில் அவ்வளவு நல்லது.

'ஜிபிஎஸ் உண்டு' என்று பெட்டியில் இருந்தால் போதுமா?

போதாது. விலை குறைந்த பல ஃபிட்னஸ் பேண்டுகளில் இருப்பது 'கனெக்டட் ஜிபிஎஸ்'. அதாவது பாக்கெட்டில் இருக்கும் போனின் ஜிபிஎஸ்ஸை அது கடன் வாங்கிக்கொள்ளும். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போனால் பாதை பதிவாகாது. 'பில்ட்-இன் ஜிபிஎஸ்' என்று தெளிவாக இருக்கிறதா என்று பாருங்க.

அடுத்தது 'டூயல் பேண்ட்'. சிதம்பரத்தில் கோயிலைச் சுற்றி நாலு வீதியிலும் ஓடுகிறீர்கள் என்று வையுங்கள். இருபக்கமும் கட்டடம். சிக்னல் நேராக வருவதோடு சுவரில் பட்டுத் திரும்பியும் வரும். சுற்றி வந்த சிக்னலையும் சேர்த்துக் கணக்குப் போடும்போது, நீங்க வீதியில் ஓட, வாட்சோ கடைக்குள் ஓடினதாக வரைந்து வைக்கும். எல்1, எல்5 என்று இரண்டு அலைவரிசைகளையும் எடுக்கும் வாட்சுகளில் இந்தப் பிழை நன்றாகவே குறையும். மலைப் பள்ளத்தாக்கிலும் இதே பிரச்சினைதான். அங்கே கட்டடத்துக்குப் பதில் பாறைச் சுவர்.

சில்வர் பீச் மாதிரி திறந்த வெளியில் மட்டும் ஓடுகிறவருக்கு டூயல் பேண்ட் அவசியமில்லை. ஓடத் தொடங்கும் முன் சிக்னல் முழுசாகக் கிடைக்கும்வரை ஒரு நிமிஷம் நின்றாலே 5.2, 4.8 சண்டை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பனிச்சறுக்குக்குத் தனியாக என்ன வேண்டும்?

முதலில் வேகம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் சறுக்கினால் ஒரு நொடியில் கிட்டத்தட்ட 14 மீட்டர் போய்விடுவீர்கள். பேட்டரியை மிச்சம்பிடிக்க சில நொடிகளுக்கு ஒருமுறை மட்டும் இடத்தைக் குறிக்கும் வாட்ச், உங்கள் வளைவுகளை எல்லாம் நேர்கோடாக்கிவிடும். நொடிக்கு ஒருமுறை பதிவுசெய்யும் வசதி வேண்டும்.

இரண்டாவது, பாரோமீட்டர். ஜிபிஎஸ் சொல்லும் உயரம் அவ்வளவு நம்பகமானது இல்லை. அதனால் நல்ல வாட்சுகள் காற்றழுத்தத்தை வைத்து உயரத்தைக் கணக்கிடுகின்றன. 'ஸ்கீ மோட்' உள்ள வாட்ச் இதை வைத்துத்தான் நீங்க ரோப்காரில் மேலே போறீங்களா, சறுக்கிக் கீழே வர்றீங்களா என்று பிரிக்கிறது. மேலே ஏறிய தூரத்தைச் சறுக்கிய கணக்கில் சேர்க்காது.

இந்த பாரோமீட்டருக்கு ஒரு வேடிக்கையான பக்கமும் உண்டு. கடல் மட்டத்துக்கு அருகே காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் வாட்ச் அதைச் சுமார் 8 மீட்டர் ஏறியதாக எடுத்துக்கொள்ளும். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலை நினைத்துப் பாருங்கள். அந்த மாதிரி நேரத்தில் வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பவரைக்கூட பாரோமீட்டர் குன்றின் மேல் ஏற்றிவிடும். அழுத்தம் வேகமாகக் குறைந்தால் எச்சரிக்கும் 'ஸ்டார்ம் அலர்ட்' சில வாட்சுகளில் உண்டு. அது மலையில் உதவும் ஒரு குறிப்பு மட்டும்தான். வானிலை ஆய்வு மைய அறிவிப்புக்கு மாற்று இல்லை. மலையில் ஏறும் நாளில், உயரம் தெரிந்த ஓர் இடத்தில் நின்று வாட்சைச் சரிசெய்துகொள்வது நல்லது.

மூன்றாவது, பட்டன். தடிமனான கையுறையோடு டச் ஸ்கிரீன் வேலை செய்யாது. கடலூர் வெயிலில் வியர்த்த விரலோடும் அதே கதைதான். எனவே முக்கிய வேலைகளை எல்லாம் பட்டனிலேயே செய்ய முடிகிற வாட்ச் இரண்டு இடத்துக்கும் பொருந்தும்.

'14 நாள் பேட்டரி' என்பதை நம்பலாமா?

அந்தக் கணக்கு பெரும்பாலும் ஜிபிஎஸ் ஓடாமல் வெறும் வாட்சாகக் கட்டியிருக்கும்போது. நீங்க பார்க்க வேண்டியது 'ஜிபிஎஸ் மோடில் எத்தனை மணி நேரம்' என்ற வரியை. டூயல் பேண்ட் போட்டால் அதுவும் குறையும்.

குளிர் வந்தால் இன்னும் குறையும். லித்தியம் பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினை குளிரில் மந்தமாகிவிடுவதால், சார்ஜ் இருந்தும் திடீரென அணைந்துபோகும். ஐபோன் இயங்குவதற்கு ஆப்பிள் சொல்லும் வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி வரைதான். ஆப்பிள் வாட்ச் அல்ட்ராவுக்கு மைனஸ் 20 முதல் 55 டிகிரி வரை. இந்த வரியை எந்த வாட்ச் வாங்கினாலும் தேடிப் பாருங்க. பனியில் வாட்சை ஜாக்கெட்டின் மேல் கட்டாமல் தோலோடு ஒட்டிக் கட்டினால் உடம்புச் சூடு பேட்டரியைக் காக்கும். ஆனால், குளிரில் தோலுக்கு வரும் ரத்த ஓட்டம் குறைவதால் மணிக்கட்டில் எடுக்கும் இதயத்துடிப்பு தப்பாகக் காட்டலாம். துல்லியம் வேண்டுமென்றால் மார்பில் கட்டும் பெல்ட்தான்.

உப்புத்தண்ணீர் பட்டால் என்ன ஆகும்?

ஐபி68 சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது. கடல், முகத்துவாரம் என்று இறங்குகிறவர்கள் '5 ஏடிஎம்' அல்லது அதற்கு மேல் உள்ள வாட்சைப் பார்க்கலாம். எதுவாக இருந்தாலும் வீட்டுக்கு வந்ததும் குழாய்த் தண்ணீரில் அலசித் துடைத்து, சார்ஜ் ஏற்றும் இடம் காய்ந்த பிறகே சார்ஜ் போடுங்க. உப்புதான் அந்த இடத்தை அரிக்கும்.

வழி தவறினால் வாட்ச் கூட்டி வருமா?

'பேக் டு ஸ்டார்ட்' என்ற வசதி பல வாட்சுகளில் உண்டு. இதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, வந்த பாதையிலேயே திருப்பிக் கூட்டிப்போவது. மற்றது, தொடங்கிய இடத்தை நோக்கி நேராக அம்புக்குறி காட்டுவது.

பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் நேர் அம்புக்குறி மரங்களுக்குள் போகும், படகு போகாது. பனிமலையில் நேர் அம்புக்குறி ஒரு செங்குத்துப் பள்ளத்தின் மேல் போகலாம். எனவே வந்த பாதையைத் திருப்பிக் காட்டும் வசதியும், இன்டர்நெட் இல்லாமலே திறக்கும் வரைபடமும் உள்ள வாட்ச் மலைக்கு நல்லது. பிச்சாவரத்தில் படகுக்காரரைவிட நல்ல வரைபடம் கிடையாது என்பது வேறு விஷயம்!

இன்னொன்று, உங்கள் இடத்தை இன்னொருவருக்குச் சொல்லும் முறை. சிதம்பரம் வடக்கு அட்சரேகையில் 11.4 டிகிரி. அதையே டிகிரி-நிமிடத்தில் எழுதினால் 11 டிகிரி 24 நிமிடம். அவசரத்தில் யாராவது இதை "11.24" என்று சொல்லிவிட்டால்? தேடுகிறவர்கள் சுமார் 18 கிலோமீட்டர் தெற்கே, சீர்காழி இருக்கும் கோட்டுக்குப் போய்விடுவார்கள். உங்கள் வாட்ச் எந்த முறையில் காட்டுகிறது என்பதை இன்றே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆபத்து என்றால் வாட்ச் காப்பாற்றுமா?

இந்தக் கேள்விக்கான பதிலை நம் கடற்கரை ஏற்கெனவே கற்றிருக்கிறது. ஆழ்கடலுக்குப் போகிற படகுகளில் ஜிபிஎஸ் புழக்கத்துக்கு வந்து பல வருஷம் ஆகிவிட்டது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது குமரி மாவட்ட மீனவர்கள் பலர் நடுக்கடலில் இருந்தார்கள். தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதைக் கருவியில் பார்க்க முடிந்த படகுக்குக்கூட, கரையிலிருந்து எச்சரிக்கையைப் பெறவோ தன் நிலையைச் சொல்லவோ வழியில்லை. அவ்வளவு தூரத்துக்குச் செல்போன் சிக்னல் கிடையாது.

அதற்குப் பிறகு, 2019 அக்டோபரில் 'ஜெமினி' என்ற கருவி வந்தது. புயல் எச்சரிக்கை படகுக்கு வரும், ஆனால் படகிலிருந்து பதில் அனுப்ப முடியாது. 2024 ஆகஸ்ட் 30 அன்று தொடங்கப்பட்ட திட்டத்தில்தான், 1 லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு இருவழிச் செய்தி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்கள் இலவசமாக என்று முடிவானது. மதிப்பு சுமார் 364 கோடி ரூபாய். இடம் தெரிவது ஒன்று, அதைச் சொல்ல முடிவது இன்னொன்று. அந்த இரண்டாவது பாதிக்காகத்தான் இவ்வளவு செலவு.

வாட்சில் இருக்கும் எஸ்ஓஎஸ் பட்டனும் அப்படித்தான். அது பெரும்பாலும் போன் மூலமாகவோ, வாட்சிலுள்ள சிம் மூலமாகவோதான் செய்தி அனுப்பும். சிக்னல் இல்லையென்றால் போகாது. குல்மார்க் போகிறவர்கள் கவனிங்க: தமிழ்நாட்டு ப்ரீபெய்டு சிம் ஜம்மு-காஷ்மீரில் இயங்காது. போஸ்ட்பெய்டு வேண்டும், அல்லது அங்கே போய் உள்ளூர் சிம் வாங்க வேண்டும். 50,000 ரூபாய் வாட்ச் கட்டியும் இந்த ஒன்றை மறந்தால் எஸ்ஓஎஸ் பட்டன் வெறும் பட்டன்தான்.

கீழே விழுந்ததைத் தானே கண்டுபிடிக்கும் வசதியும் முழுசாக நம்பக்கூடியது இல்லை. 2022-23 பனிக்காலத்தில் அமெரிக்காவின் கொலராடோவில் பனிச்சறுக்கு ஆடியவர்களின் ஐபோன்களும் ஆப்பிள் வாட்சுகளும் அதை விபத்து என்று நினைத்து, அவசர எண்ணுக்குத் தாமாகவே அழைத்து மீட்புப் பணியாளர்களைத் திணறடித்தன.

பனிச்சரிவில் புதைந்தவரை ஜிபிஎஸ் வாட்ச் கண்டுபிடித்துத் தராது. அதற்கென்று 457 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் தனி 'டிரான்ஸீவர்' கருவி உண்டு. கூட வருகிறவர்களிடமும் அது இருக்க வேண்டும். முதல் கால் மணி நேரம்தான் உயிர் காக்கும் நேரம். தேடும்போது போன், வாட்ச் போன்ற மின்னணுக் கருவிகளை டிரான்ஸீவரிலிருந்து அரை மீட்டராவது தள்ளி வைக்கச் சொல்வார்கள், இல்லையென்றால் அதன் சிக்னலைக் குழப்பும். 2024 பிப்ரவரியில் குல்மார்க்கில் வரையறுத்த சறுக்குப் பாதைக்கு வெளியே ஏற்பட்ட பனிச்சரிவில் ரஷ்யப் பயணி ஒருவர் இறந்தார். முதல்முறை போகிறவர்கள் பயிற்சியாளரோடு, குறிப்பிட்ட பாதைக்குள்ளேயே இருப்பதுதான் பாதுகாப்பு.

சாட்டிலைட் வாட்சை வெளிநாட்டிலிருந்து வாங்கி வரலாமா?

சிக்னல் இல்லாத இடத்திலும் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் வாட்சுகள் 2025இல் வந்துவிட்டன. ஆப்பிள் வாட்ச் அல்ட்ரா 3, கார்மின் ஃபீனிக்ஸ் 8 ப்ரோ போன்றவை. சிங்கப்பூர் மாமாவிடமோ அமெரிக்க நண்பரிடமோ சொல்லி வாங்கத் தோன்றும். வாங்கும் முன் யோசிங்க.

இந்தியாவில் அனுமதி இல்லாமல் சாட்டிலைட் தொடர்புக் கருவி வைத்திருப்பது சட்டப்படி குற்றம். கார்மின் இன்ரீச் கருவியோடு வந்த வெளிநாட்டுப் பயணிகள் சிலர் 2024 டிசம்பரில் நம் விமான நிலையங்களில் பிடிபட்டு வழக்கைச் சந்தித்தார்கள். செயற்கைக்கோள் சிக்னலைக் கேட்கும் சாதாரண ஜிபிஎஸ் வாட்சுக்குப் பிரச்சினை இல்லை. செயற்கைக்கோளோடு பேசும் கருவிக்குத்தான் கட்டுப்பாடு. அந்த வசதி இந்தியாவில் உண்டா என்று நிறுவனத்தின் நாடுகள் பட்டியலைப் பார்க்காமல் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீங்க.

அப்போ யாருக்கு எது?

கடற்கரை ஓட்டம், அண்ணாமலை பல்கலைக்கழக வளாகத்தில் காலை நடை மட்டும் என்றால்: பில்ட்-இன் ஜிபிஎஸ், 5 ஏடிஎம், வெயிலில் தெளிவாகத் தெரியும் திரை. இவை உள்ள ஆரம்ப நிலை வாட்ச் தாராளம்.

மாரத்தான், ட்ரெக்கிங் என்றால்: கூடவே டூயல் பேண்ட், பாரோமீட்டர், ஜிபிஎஸ் மோடில் 20 மணி நேரத்துக்கு மேல் பேட்டரி.

வருஷா வருஷம் பனிச்சறுக்கு என்றால்: இவற்றோடு ஸ்கீ மோட், பட்டன்கள், ஆஃப்லைன் வரைபடம், மைனஸ் 20 வரை தாங்கும் திறன். வாழ்க்கையில் ஒருமுறை மூன்று நாள் குல்மார்க் போவதற்காக மட்டும் பெரிய வாட்ச் வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல பயிற்சியாளரை வைத்துக்கொள்ளலாம்.

எந்த வாட்ச் கட்டினாலும் கிளம்பும் முன் வீட்டில் ஒருவரிடம் எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொல்லிவிட்டுப் போங்க. கடலில் ஆபத்தென்றால் கடலோரக் காவல்படையின் 1554, மற்ற இடங்களில் 112. இந்த இரண்டு எண்களையும் இப்பவே போனில் சேமித்துவிடுங்க. அதுக்கு ஒரு ரூபாய்கூட செலவில்லை.