கரை சேரும் கலத்தின் காப்பு

பிழைப்பை நாடி இந்நகர் வந்த நம்மவர், மாலை வேளைகளில் சங்குமுகம், வலியதுறைக் கடற்கரைகளில் உலவுவதுண்டு. கடலோடுவதைப் போன்றே கரை சேர்தலும் எளிதன்று என்பதற்கு அவ்விடமே சான்று. வலியதுறையின் பழைய பாலம் 1947ஆம் ஆண்டில் கப்பல் மோதிச் சிதைந்தது. 1956இல் எழுந்த புதிய பாலத்தையும் அண்மையில் அலைகள் உடைத்துவிட்டன.

துறை இல்லாத மணற்கரைக்கு நம் முன்னோர் கண்ட கலம் கட்டுமரம். ஆங்கிலமும் கடன்பெற்ற தமிழ்ச்சொல் அது. உட்குழிவு இன்மையால் நீர் நிறைந்து மூழ்கும் அச்சமில்லை. கரையேறியதும் கட்டை அவிழ்த்து மரங்களை உலர்த்துவர். ஊறிய மரம் கனக்குமன்றோ?

1980களில் ஒட்டுப்பலகைப் படகுகள் பரவின. குமரி மாவட்டத்து முட்டமும், திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் இதில் முன்னின்றன. பலகைகளைச் செப்புக் கம்பியால் தைத்து, இணைப்புகளில் கண்ணாடி இழையும் பிசினும் பூசுவர். மணலில் உராயும் அடிப்பாகமே முதலில் தேயும். அங்கே பூச்சு மிகுதியாக வேண்டும். கீறல் விழுந்தால் உடனே அடைத்தல் வேண்டும். நீர் உட்புகின் பலகை உளுத்துப்போம்.

விழிஞத்துறை போன்ற இடங்களில் பகை மணலன்று, கற்சுவர். பழைய டயர்களைப் பக்கத்தில் தொங்கவிட்டால் மோதலின் வேகத்தை அவை தாங்கும். அணியத்திலும் அமரத்திலும் கட்டுவதோடு, சாய்வாக இரு கயிறுகளும் கட்டினால் படகு முன்பின் ஓடாது.

ஒரு படகு ஒரு குடும்பத்தின் சோறு. அதன் அடியில் விழும் சிறு கீறலும் அடுப்பங்கரை வரை எட்டும் என்பதை நாம் உணர்வோமாக.