கர்சீப் போட்ட சீட்... காலியாகக் கிடக்கும் அலைக்கற்றை! கும்மிடிப்பூண்டிக்கு வழி பிறக்குமா?

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார ரயிலில் அடிக்கடி பார்க்கும் காட்சிதான். ஜன்னலோர சீட்டில் ஒரு கர்சீப் கிடக்கும். ஆள் இருக்க மாட்டார். சுற்றி நிற்பவர்கள் கால் கடுக்க நின்றுகொண்டே இருப்பார்கள். நம் தலைக்கு மேலே இருக்கும் அலைக்கற்றையின் கதையும் கிட்டத்தட்ட இதுதான்.

செல்போன், டி.வி, வாக்கி டாக்கி, ரேடார் என எல்லாமே ரேடியோ அலைகளில்தான் பேசுகின்றன. ஒரே இடத்தில், ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் பேசினால் இரண்டுமே காதில் விழாது. அதனால்தான் அரசு அதைக் கூறுபோட்டு ஏலம் விடுகிறது. 2022-ல் நடந்த 5ஜி ஏலத்தில் 72,098 மெகாஹெர்ட்ஸ் விற்பனைக்கு வந்தது. 51,236 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே விலைபோனது. அதற்கே 1,50,173 கோடி ரூபாய்! ஆனால், 600 மெகாஹெர்ட்ஸ் பட்டையை ஒருவர்கூடக் கேட்கவில்லை. விற்ற அலைக்கற்றையும் எல்லா ஊரிலும், எல்லா நேரமும் பயன்படுவதில்லை.

ஒருபக்கம் அலைக்கற்றை தட்டுப்பாடு. மறுபக்கம் காலி இடம். இந்த முரணுக்கு விடையாக விஞ்ஞானிகள் சொல்வதுதான் 'காக்னிட்டிவ் ரேடியோ'.

கேட்டுவிட்டுப் பேசும் கருவி

1999-ல் ஜோசப் மிட்டோலா என்ற ஆராய்ச்சியாளர் இந்தப் பெயரை அறிமுகப்படுத்தினார். சாதாரண ரேடியோ, தனக்கு ஒதுக்கிய அலைவரிசையில் மட்டும் பேசும். காக்னிட்டிவ் ரேடியோ முதலில் சுற்றுப்புறத்தைக் கவனிக்கும். எந்த அலைவரிசை காலியாக இருக்கிறதோ அதில் பேசும். உரிமையாளர் வந்துவிட்டால் சட்டென்று விலகி வேறு இடம் தேடும்.

இது எங்கோ நடக்கும் அதிசயம் அல்ல. வீட்டில் இருக்கும் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை ரவுட்டர்களில் பலவற்றுக்கு இந்தப் பழக்கம் உண்டு. வானிலை ரேடார் போன்றவை இயங்கும் சேனலில் நுழையும் முன், ரவுட்டர் ஒரு நிமிடம் அமைதியாகக் காத்திருந்து கவனிக்க வேண்டும். பிறகு ரேடார் குறுக்கிட்டால் 10 விநாடிக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். பல நாடுகளில் இதுதான் விதி.

செல்போன் நெட்வொர்க்கிலும் இதன் உறவுக்காரத் தொழில்நுட்பம் ஒன்று உண்டு. 2021 ஜனவரியில் ஏர்டெல் நிறுவனம், ஹைதராபாத்தில் தன் 1,800 மெகாஹெர்ட்ஸ் பட்டையிலேயே 4ஜி, 5ஜி இரண்டையும் இயக்கிக் காட்டியது. யாருக்குத் தேவையோ அவருக்கு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் இடம் பிரித்துத் தருவதால் இது சாத்தியமானது.

பால்கர் காட்டிய பாதை

காலி அலைக்கற்றையை மக்களுக்குப் பயன்படுத்திய முன்னுதாரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது. தூர்தர்ஷனுக்கான 470 முதல் 590 மெகாஹெர்ட்ஸ் பட்டையை மும்பை ஐ.ஐ.டி குழு 2014-ல் அலசியது. அதில் 15 சேனல்கள். நாட்டின் ஏறக்குறைய எல்லா இடங்களிலும் குறைந்தது 12 சேனல்கள் சும்மாவே கிடந்தன!

பேராசிரியர் அபய் கரண்டிகர் தலைமையிலான அந்தக் குழு, மகாராஷ்டிராவின் பால்கர் பகுதியில் ஏழு கிராமங்களுக்கு இந்த டி.வி பட்டை வழியாக இணையத்தைக் கொண்டுபோனது. இந்த அலைகள் நீண்ட தூரம் பயணிக்கும். மரம், செடி இடையில் வந்தாலும் சமாளிக்கும். 'கிராம் மார்க்' என்ற அந்த முயற்சி, 2017-ல் மோசில்லா நிறுவனம் நடத்திய போட்டியில் முதல் பரிசை வென்றது.

பால்கரையும் திருவள்ளூரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுமே பெருநகரத்துக்கு வடக்கே, கடலோரம் இருப்பவை. அங்கே தாராப்பூர் தொழிற்பேட்டை. இங்கே கும்மிடிப்பூண்டி, தேர்வாய்கண்டிகை சிப்காட். இரண்டிலும் ஆலைகளுக்கு அருகிலேயே மீனவ கிராமங்கள்.

ஆலைக்கு என்ன லாபம்?

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலைகள் அதிகம். தகரக் கூரை, இரும்புத் தூண், பெரிய கிரேன் என எல்லாமே சிக்னலைத் தடுப்பவை அல்லது சிதறடிப்பவை. ஆட்களே இல்லாமல் இயங்கும் வண்டி, எந்திரத்தின் சூட்டைக் கண்காணிக்கும் சென்சார் போன்றவற்றுக்கு நடுவில் அறுந்துபோகாத இணைப்பு வேண்டும். கிரேனுக்குப் போகும் 'நிறுத்து' என்ற உத்தரவு தாமதமானால் ஆபத்து தொழிலாளிக்குத்தான்.

ஆனால், இந்தியாவில் ஏலம் நடப்பது 22 தொலைத்தொடர்பு வட்டங்களின் கணக்கில். கும்மிடிப்பூண்டிக்கு மட்டும் என்று யாரும் வாங்க முடியாது. 2022-ல் வந்த தனியார் நெட்வொர்க் விதிகள், செல்போன் நிறுவனங்களிடமிருந்து அலைக்கற்றையைக் குத்தகைக்கு எடுக்க ஆலைகளுக்கு வழி சொல்கின்றன.

அமெரிக்காவில் கடற்படை ரேடார்கள் பயன்படுத்தும் பட்டையையே 2020 முதல் மற்றவர்களும் பகிர்ந்துகொள்கிறார்கள். கடலோரத்தில் இருக்கும் சென்சார்கள் ரேடாரைக் கண்டதும், மற்றவர்களை மத்திய கணினி அமைப்பு வேறு சேனலுக்கு மாற்றிவிடும். டிராக்டர் தயாரிக்கும் ஜான் டீர் நிறுவனம், தன் ஆலைகள் இருக்கும் சில மாவட்டங்களுக்கு மட்டும் அங்கே உரிமம் வாங்கியது.

இரண்டாவது இடம் யாருக்கு?

இந்தியாவிலும் சட்டம் கதவைத் திறந்திருக்கிறது. 2023-ம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் 7-வது பிரிவின்படி, ஒருவருக்கு ஒதுக்கிய அலைக்கற்றையை, அவருக்கு இடையூறு இல்லாமல், இரண்டாவது நபருக்கும் அரசு தரலாம். தகுந்த காரணமின்றிப் பயன்படுத்தாமல் வைத்திருந்தால், விளக்கம் கேட்டபின் திரும்பப் பெறவும் செய்யலாம்.

எச்சரிக்கையும் தேவை. கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் கருவிக்குத் தொலைவில் உள்ள டவரின் சிக்னல் கேட்காது. 'காலி' என்று நினைத்துப் பேசத் தொடங்கினால், நடுவில் இருப்பவருக்குக் குழப்பம். பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. அங்கே ராக்கெட்டைப் பின்தொடரும் ரேடார்கள் இருக்கின்றன. எனவே, கருவியின் காதை மட்டும் நம்பாமல், எந்த இடத்தில் எந்த அலைவரிசை காலி என்று சொல்லும் தரவுத்தளமும் வேண்டும்.

அலைக்கற்றை பொதுச்சொத்து. பகிர்ந்துகொள்ளும் காலம் வரும்போது, இரண்டாவது இடம் கோடிகளில் முதலீடு செய்யும் ஆலைகளுக்கு மட்டும் போனால் போதாது. ஆன்லைன் வகுப்புக்கு சிக்னல் தேடும் பழவேற்காட்டுப் பிள்ளைகளுக்கும், கடலுக்குப் போனவர் நல்லபடியாக இருக்கிறாரா என்று கரையில் காத்திருக்கும் குடும்பத்துக்கும் அதில் பங்கு வேண்டும். தொழில்நுட்பம் தயாராக இருக்கிறது. வரிசையில் யாரை முன்னால் நிறுத்துவது என்பதை விதிகளை எழுதுபவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.