ஸ்ப்ளிட் ஏ.சி. – பாதி ஃபேக்டரியில், மீதி நம் கையில்!

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



கத்திரி வெயில் வந்துவிட்டால் போதும், வேலை இருக்கோ இல்லையோ, கம்ப்யூட்டர் லேபில் போய் உட்கார்ந்துகொள்ளும் ஆசாமிகள் எல்லா பேட்ச்சிலும் உண்டு. குளுகுளுவென்று இருக்கிறது, சரி. அந்தக் குளுமை யார் கைவேலையால் வருது என்று யோசித்ததுண்டா? டிப்ளமோ முடித்து வெளியே போனதும் நம்மில் சிலருக்குச் சோறு போடப்போகிற தொழிலே இதுவாக இருக்கலாம். ஆகவே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஈரமே எதிரி

1902-ஆம் ஆண்டு நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகம். காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கி, வண்ணங்கள் இடம் மாறி விழுந்தன. அதைச் சரிசெய்யத்தான் வில்லிஸ் கேரியர் என்ற 25 வயது இன்ஜினியர் முதல் நவீன ஏ.சி.யை வடிவமைத்தார். ஆக, ஏ.சி. பிறந்ததே ஈரத்தை விரட்டத்தான். வேடிக்கை என்னவென்றால், அதே ஈரம் குழாய்க்குள் புகுந்தால் ஏ.சி.க்கே எமன்! இந்தக் கட்டுரையின் சாரம் அதுதான்.

கம்ப்ரஸர், கன்டென்ஸர், எக்ஸ்பான்ஷன், இவாப்பரேட்டர் என்று பரீட்சையில் நாலு பெட்டி போட்டு அம்புக்குறி வரைவோமே, வீட்டு ஏ.சி.யும் அதேதான். ஊட்டி, கொடைக்கானலில் 'ஹாட் அண்ட் கோல்டு' மாடல் வைத்தால், ரிவர்ஸிங் வால்வு அம்புக்குறியைத் திருப்பிவிடும். உள்ளே இருப்பது கன்டென்ஸராகி அறையைச் சூடாக்கும். 'ஒரு டன்' என்பது பெட்டியின் எடை அல்ல, மணிக்கு 12,000 பி.டி.யூ., அதாவது சுமார் 3.5 கிலோவாட் குளிர்விக்கும் திறன். வைவாவில் கேட்டால் முழிக்காதீர்கள்!

ஃபிரிட்ஜும் விண்டோ ஏ.சி.யும் ஃபேக்டரியிலேயே கேஸ் அடைத்து, சீல் வைத்து வருகின்றன. ஸ்ப்ளிட் அப்படி இல்லை. கேஸ் முழுவதும் வெளி யூனிட்டில் பூட்டியிருக்கும். உள் யூனிட்டையும் வெளி யூனிட்டையும் செப்புக் குழாயால் இணைத்து அந்தச் சுற்றை மூடுவது வாடிக்கையாளர் வீட்டில்தான். அதாவது பாதி இயந்திரத்தை மாட்டுகிறவரே தயாரிக்கிறார்!

மாட்டும் முறை

1. இடம்: வெளி யூனிட்டின் சூடான காற்று சுவரில் மோதித் திரும்பிவராத இடமாகப் பாருங்கள். உள் யூனிட்டை மட்டம் பார்த்து மாட்ட வேண்டும். சுவர்த் துளை வெளிப்பக்கம் சற்றே சரிந்திருக்கட்டும். சென்னை மாதிரி ஊரில் ஒன்றரை டன் ஏ.சி. மணிக்கு ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீரைப் பிழிந்து எடுக்கும். டிரெயின் குழாயில் சரிவு இல்லையென்றால் அவ்வளவும் சுவர் வழியே வீட்டுக்குள்தான்.

2. குழாய்: ஒன்றரை டன்னுக்குப் பெரும்பாலும் கால் அங்குலமும் அரை அங்குலமும். டியூப் கட்டரால் வெட்டி, குழாயின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்துப் பிசிர் நீக்க வேண்டும். இல்லாவிட்டால் செப்புத் துகள் உள்ளே போய்விடும். நட்டை முதலில் மாட்டிவிட்டு அப்புறம் ஃப்ளேர் போடுங்கள்! கால் அங்குல நட்டுக்குச் சுமார் 15 நியூட்டன் மீட்டர், அரை அங்குலத்துக்குச் சுமார் 55. பலத்தையெல்லாம் காட்டி முறுக்கினால் ஃப்ளேர் விரியும், கேஸ் கசியும்.

3. சோதனை: நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவிக் கசிவு பாருங்கள். நைட்ரஜன் கிடைக்கவில்லை என்று ஆக்ஸிஜனை ஏற்றிவிடாதீர்கள். கம்ப்ரஸர் எண்ணெயோடு சேர்ந்தால் அது வெடிக்கும்.

4. வேக்குவம்: பலர் தாண்டிப் போகும் படி இதுதான். வால்வை லேசாகத் திறந்து, ஏ.சி.யின் கேஸாலேயே காற்றைத் தள்ளிவிட்டு 'முடிஞ்சுது சார்' என்று போய்விடுகிறார்கள். காற்று போகலாம், ஈரம் போகாது. ஸ்டீம் டேபிளைப் புரட்டுங்கள்: 30 டிகிரியில் தண்ணீர் கொதிக்க, அழுத்தம் சுமார் 32 மி.மீ. பாதரசத்துக்கு இறங்க வேண்டும். வேக்குவம் பம்ப் செய்வது இதைத்தான். குழாயில் ஒட்டிய ஈரத்தை அறை வெப்பத்திலேயே கொதிக்க வைத்து உறிஞ்சிவிடுகிறது. 500 மைக்ரான், அதாவது அரை மி.மீ. வரை இறக்கி, பம்ப்பை மூடிப் பத்து நிமிடம் கேஜைப் பாருங்கள். முள் கொஞ்சம் ஏறி நின்றால் ஈரம் பாக்கி. ஏறிக்கொண்டே போனால் கசிவு.

இந்தப் படியை விட்டால் என்ன ஆகும்? தங்கிய காற்று கன்டென்ஸரில் இடம் பிடித்துக்கொண்டு அழுத்தத்தையும் கரன்ட் பில்லையும் ஏற்றும். ஈரம் கம்ப்ரஸர் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி, மோட்டார் வைண்டிங்கை மெல்ல அரிக்கும். அன்றைக்கு ஏ.சி. நன்றாகத்தான் குளிரும், சில வருஷம் கழித்துக் கம்ப்ரஸர் படுக்கும். பழியெல்லாம் கம்பெனி மேல்!

5. மின்சாரம்: தனி லைன், தகுந்த எம்.சி.பி., சரியான எர்த். இதில் சிக்கனம் கூடாது.

பராமரிப்பு

ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவ வீட்டாருக்கே சொல்லிக்கொடுங்கள். காயிலில் ஐஸ் கட்டினால் உடனே 'கேஸ் இல்லை' என்று தீர்ப்பு சொல்லாமல் முதலில் ஃபில்டரைப் பாருங்கள். கடலோர ஊர்களில் உப்புக்காற்று அலுமினிய ஃபின்களைத் தின்றுவிடும். வெளிக் காயிலை அடிக்கடி நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். தெர்மோஸ்டாட்டில் ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய எரிசக்தித் திறன் அமைப்பான பி.இ.இ. 2020 முதல் ஸ்டார் முத்திரை ஏ.சி.க்கள் 24 டிகிரியில்தான் துவங்க வேண்டும் என்ற விதியும் அதற்காகவே.

'வருஷா வருஷம் கேஸ் போடணும்' என்பது பொய். கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் அல்ல. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் கேஸ் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். ஊருக்கும் கேடு: ஒரு கிலோ ஆர்-32 வெளியேறினால், நூறாண்டுக் கணக்கில் 675 கிலோ கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமம்.

உயிர் முக்கியம்

ஆர்-32 லேசாகத் தீப்பற்றும். ஆர்-290 என்பது புரொப்பேன், நன்றாகவே பற்றும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பீடி சிகரெட் வேண்டாம். ஏ.சி.யை இடம் மாற்றப் 'பம்ப் டவுன்' செய்யும்போது, கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருக்கையில் குழாயைக் கழற்றாதீர்கள். காற்றை உள்ளிழுத்துக் கம்ப்ரஸர் டீசல் இன்ஜின் மாதிரி வெடித்துவிடும். மூன்றாம் மாடி சன்ஷேடில் நிற்கும்போது இடுப்பில் பெல்ட் இல்லாமல், 'ரெண்டு நிமிஷ வேலைதானே' என்று சொல்லாதீர்கள். விழுவதற்கு ரெண்டு நிமிஷம் தேவையில்லை.

நண்பர்களே! வேக்குவம் போட்டார்களா இல்லையா என்பது வீட்டுக்காரர் கண்ணுக்குத் தெரியாது. குழாயை மூடியபின் யாருக்குமே தெரியாது, மாட்டியவரைத் தவிர. ஏன் போட வேண்டும் என்று ஸ்டீம் டேபிளைக் காட்டி விளக்கத் தெரிந்தவர்கள் நாம். தெரிந்தும் அந்த அரைமணி நேரத்தை மிச்சம் பிடித்தால், படித்த படிப்புக்கு என்ன மரியாதை? யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் முள் 500-க்கு இறங்கும்வரை காத்திருப்போம். நம் டிப்ளமோவுக்கு அதுதான் மதிப்பு!