களவு மீனை வாங்கும் கை

கடலில் வளர்ந்த சால்மன் மீன், முட்டையிடுவதற்காகத் தான் பிறந்த ஆற்றையே நாடி வருகின்றது. பிரிட்டனின் ஆறுகளில் ஏறியபின் அது இரை உண்பதில்லை. இதையறிந்த திருடர்கள் இரையின்றியே, மும்முனைத் தூண்டில் முள்ளை மீன்களின் ஊடே வெடுக்கென இழுத்து, வயிற்றிலோ முதுகிலோ குத்திப் பிடிக்கின்றனர். தப்பிய மீனும் புண்ணோடுதான் நீந்துகின்றது. சினைமீன் அகப்பட்டாலோ, ஆயிரக்கணக்கான முட்டைகளும் அதனோடு அழிகின்றன. என்னே கொடுமை! பிரிட்டனின் சால்மன் அருகிவரும் இனமென 2023இல் அறிவிக்கப்பட்டது. களவு மட்டுமே அதற்குக் காரணமன்று என்பதையும் நாம் மறைக்கலாகாது.

ஆனால் வாங்குவோர் இல்லையெனில் விற்போர் ஏது? 1986ஆம் ஆண்டின் சால்மன் சட்டம், களவு மீனென ஐயுற இடமிருந்தும் அதைப் பெற்றுக்கொள்வோரையும் குற்றவாளியாக்கிற்று. பின்வாசலில் மலிவாக வரும் மீனை, எங்கிருந்து வந்ததெனக் கேளாமல் வாங்கும் உணவு விடுதிக்காரரும் இதற்கு விலக்கல்லர். இது மிகையென நாம் கருதவில்லை.